டெட் தாக்குதல், 1968: களத்தில் முறியடிக்கப்பட்ட படை அமெரிக்கப் பொதுக்கருத்தை எப்படி அசைத்தது?

வாளையார் வாசகி (பாலக்காடு எல்லை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒருமுறை உலக வரலாற்று நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொண்டு மலையாளத்தில் ஒருவரும் தமிழில் ஒருவரும் பேசுவது வழக்கம். இம்முறை தமிழ் உரை என் பொறுப்பு. பொருள், வியட்நாம் போரின் டெட் தாக்குதல்.

நிகழ்ந்தது என்னவென்று ஓரளவு படித்துவிட்டேன். 1968 ஜனவரி 30, 31 இரவுகளில், சந்திரப் புத்தாண்டான டெட் பண்டிகைக்கென அறிவிக்கப்பட்டிருந்த போர்நிறுத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டு, வட வியட்நாம் படையினரும் தெற்கின் விடுதலை முன்னணி (வியட்காங்) போராளிகளுமாக ஏறத்தாழ 80,000 பேர், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஒரே வீச்சில் இறங்கினர். தென் வியட்நாமின் 44 மாகாணத் தலைநகரங்களில் 36 தாக்குதலுக்கு உள்ளாயின. தென் வியட்நாம் படைவீரர்களில் பெரும்பகுதியினர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தனர். ஆயினும் ஹுவே நகரம் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர மற்ற இடங்களில் தாக்கியவர்கள் சில நாள்களுக்குள் விரட்டப்பட்டனர். அவர்கள் எதிர்பார்த்த மக்கள் எழுச்சியும் நடக்கவில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டே மாதங்களில், மார்ச் 31 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வடக்கின் மீதான குண்டுவீச்சைப் பெருமளவு நிறுத்துவதாகவும் அடுத்த தேர்தலில் தாம் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். களத்தில் வென்றவர் ஏன் இப்படிப் பின்வாங்க வேண்டும்?

எங்கள் வாசகசாலையில் இதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. வென்ற போரைத் தொலைக்காட்சிக்காரர்கள்தாம் தோற்கடித்தார்கள் என்பது ஒன்று. வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் படத்துக்குக் கீழே நாள்தோறும் அமர்ந்து பத்திரிகை படிக்கும் மூத்த தோழர் ஒருவரோ, அமெரிக்க மக்கள் ஒரே இரவில் விழித்துக்கொண்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார். இவ்விரண்டில் எதையும் அப்படியே மேடையில் ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. கருத்துக்கணிப்பு எண்கள் உண்மையில் என்ன காட்டுகின்றன என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சித்தூர்ப்புழை (பாலக்காடு) எழுதியது:

அம்மா, இரண்டு விடைகளிலும் ஒரே குறை இருக்கிறது. டெட் வரைக்கும் அமெரிக்க மக்கள் போரை முழுமனத்தோடு ஆதரித்தார்கள், அதன்பின் திடீரென மாறினார்கள் என்று இரண்டும் எண்ணிக்கொள்கின்றன. எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்ற கேள்வியைக் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஒரே வடிவத்தில் கேட்டுவந்தது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு. 1967 அக்டோபரில், அதாவது டெட்டுக்கு மூன்று மாதங்கள் முன்பே, அது 47ஆக உயர்ந்து, தவறில்லை என்றவர்களை மிஞ்சிவிட்டது. டெட் நடந்த பிறகு 1968 பிப்ரவரியில் கேட்டபோது 46. அதாவது அந்தப் பெருந்தாக்குதல் இந்த ஓர் எண்ணை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. ஆகஸ்டில்தான் பாதியைத் தாண்டி 53 ஆயிற்று. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர், உயிரிழப்பு கூடக்கூட ஆதரவு படிப்படியாகக் கரைந்தது என்றும், கொரியப் போரிலும் இதே போக்குதான் இருந்தது என்றும் காட்டியிருக்கிறார். கொரியப் போரின்போது பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சியே இல்லை என்பதை உங்கள் நண்பர்களுக்கு நினைவூட்டுங்கள்.

அப்படியானால் டெட் எதை மாற்றியது? அதற்கு 1967 நவம்பருக்குப் போக வேண்டும். ஆதரவு சரிவதைக் கண்ட ஜான்சன், வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லண்டையும், தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதர் பங்கரையும் நாட்டுக்கு வரவழைத்து, போர் நன்றாகப் போகிறது என்று ஊர் ஊராகப் பேசவைத்தார். முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று வெஸ்ட்மோர்லண்ட் நவம்பர் 21 அன்று வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்தில் சொன்னார். அதை நம்பியவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆண்டிறுதியில் போர் நடத்தும் முறைக்கு ஆதரவு சற்றுக் கூடவும் செய்தது. பத்து வாரம்தான் ஆகியிருந்தது, சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை நடந்தது. நாளை பணம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் கடையையே பூட்டிக்கொண்டு போனவனிடம் ஊர் எப்படி நடந்துகொள்ளும்? கடன் எவ்வளவு என்பதைக்கூட அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஜான்சனுக்கு நேர்ந்ததும் அதுதான். அவருடைய செயல்பாட்டை ஏற்றவர்கள் ஜனவரியில் 48 விழுக்காடாக இருந்து மார்ச் இறுதிக்குள் 36ஆக வீழ்ந்தனர்; போரை அவர் கையாளும் விதத்தை ஏற்றவர்கள் 40இலிருந்து 26 ஆயினர். போர் சரியா தவறா என்ற கருத்தைவிட, போரைப் பற்றிச் சொல்பவர் மீதிருந்த நம்பிக்கைதான் உடைந்தது.

இன்னொன்று. செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் கதையை உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பிப்ரவரி 27 அன்று அவர் சிபிஎஸ் தொலைக்காட்சியில், இந்தப் போர் முட்டுக்கட்டையில் நிற்கிறது, பேச்சுவார்த்தையே வழி என்று முடித்தது உண்மை. அதை நேரில் பார்த்துக்கொண்டிருந்த ஜான்சன், கிராங்கைட்டை இழந்தால் நடுத்தர அமெரிக்காவையே இழந்தேன் என்று புலம்பியதாகச் சொல்வார்கள். ஆனால் ஒளிபரப்பு நடந்த நேரத்தில் ஜான்சன் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விருந்தில் இருந்தார். மேடையில் கைதட்டு வாங்கும் கதை என்பதற்காக அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

பீரங்கி வண்டி (ஆந்திரச் சித்தூர்) எழுதியது:

நண்பர் எழுதுவது பாலக்காட்டுச் சித்தூர், நான் ஆந்திரத்துச் சித்தூர். இரண்டு ஊரிலும் தமிழ் பேசுகிறோம், இரண்டு ஊருக்கும் கடிதம் மாறிப் போவதுண்டு. படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவர் விரைந்து கடந்துபோன ஒரு பக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தியாளர்கள் பிழை செய்யவே இல்லை என்பதுபோல் எழுதுவது நியாயம் ஆகாது.

தூதரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 31 அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு, 19 பேர் கொண்ட தகர்ப்புக் குழு ஒன்று மதிலில் வெடிவைத்து ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு ஓட்டை போட்டு வளாகத்துக்குள் புகுந்தது. கட்டடம் திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. உள்ளே வந்த வீரர்கள் புல்வெளியிலும் பூந்தொட்டிகளுக்குப் பின்னாலும் பதுங்கிச் சுட்டார்கள். முதன்மைக் கட்டடத்தின் கதவுக்குள் அவர்கள் நுழையவில்லை. ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஐந்து அமெரிக்க வீரர்கள் இறந்தனர். ஆனால் தெருவில் படுத்துக்கிடந்த இராணுவக் காவலர் சொன்னதை வைத்து, கட்டடத்தின் முதல் தளத்தையே எதிரி பிடித்துவிட்டான் என்ற செய்தி உலகெங்கும் பறந்தது. காலையில் வெஸ்ட்மோர்லண்ட் அதே வளாகத்தில் நின்று, யாரும் கட்டடத்துக்குள் நுழையவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவரைச் சுற்றிலும் பிணங்களும் சிதறிய கல்லும் கிடக்க, எதிரே நின்ற செய்தியாளர்களுக்கு அவர் ஏதோ கனவில் பேசுவதுபோல் இருந்தது. நவம்பரில் அந்தப் பேச்சைப் பேசாமல் இருந்திருந்தால் ஜனவரியில் அவர் சொன்ன உண்மையை நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லையோர அமெரிக்கப் படைத்தளமான கே சான் இன்னொரு சான்று. ஜனவரி 21 முதல் அங்கே ஏறத்தாழ 6,000 அமெரிக்க வீரர்கள் முற்றுகையில் இருந்தனர். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் தியன் பியன் பூவில் அழிந்ததுபோல் இங்கும் ஆகிவிடும் என்று பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. ஆகவில்லை. ஆனால் அந்த அச்சம் பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளை மாளிகையின் நிலவர அறையில் கே சானின் மேடு பள்ளங்களை மாதிரியாகச் செய்துவைத்து, அதிபரே அதன்மேல் குனிந்து நின்றிருந்தார். தலைநகரத்தையும் மற்ற நகரங்களையும் எதிரி குறிவைத்திருந்தபோது மேலிடத்தின் கவனமெல்லாம் எல்லையோரக் குன்று ஒன்றில் இருந்தது. சைகோன் பகுதித் தளபதி வேயண்ட், தம் ஒற்றர் தகவல்களை வைத்து வற்புறுத்தி, சில பட்டாலியன்களை ஜனவரியிலேயே தலைநகரை நோக்கித் திருப்பாமல் இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். மக்கள் கருத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கை விவகாரத்தில் மட்டும் படைத் தலைமையை நான் காப்பாற்றப் போவதில்லை. தெற்கில் எதிரியின் பலம் எவ்வளவு என்பதில் 1967 முழுவதும் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கும் சைகோனில் இருந்த அமெரிக்கப் படைத் தலைமையகத்துக்கும் சண்டை நடந்தது. எதிரி தரப்பின் கிராமக் காவல் படையினரைக் கணக்கில் சேர்த்தால் எண் கூடிவிடும், நாட்டில் கேள்வி வரும் என்பதால் தலைமையகம் சேர்க்க மறுத்தது. எந்தப் படையிலும் மேலே போகப்போக அறிக்கையின் நிறம் வெளுத்துக்கொண்டே போகும்; பணியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

வாளையார் வாசகி எழுதியது:

ஐயா இருவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். நான் பார்த்த ஒரு கட்டுரையில், டெட் நடந்தவுடன் போரைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றவர்கள் கூடினார்கள் என்று இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்? வியட்நாம் மக்களின் கருத்து என்ன ஆயிற்று என்பதையும் யாராவது சொல்வீர்களா? பொதுக்கருத்து என்றாலே அமெரிக்காவைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

சித்தூர்ப்புழை எழுதியது:

கட்டுரை சொல்வது சரிதான். தங்களைப் பருந்து என்று சொல்லிக்கொண்டவர்கள், அதாவது போரைத் தீவிரமாக நடத்த வேண்டும் என்றவர்கள், பிப்ரவரித் தொடக்கத்தில் 60 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தனர். அடி விழுந்ததும் திருப்பி அடி என்பதுதான் முதல் குரலாக இருந்தது. மார்ச் இறுதிக்குள் அது 41ஆகி, புறாக்களுக்கு, அதாவது போரைத் தணிக்க வேண்டும் என்றவர்களுக்கு, சமமாயிற்று. இடைப்பட்ட அந்த ஏழெட்டு வாரங்களைத்தான் உங்கள் உரையின் நடுப்பகுதியாக வைக்க வேண்டும் என்பேன்.

அந்த வாரங்களில் பல செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் காவல்துறைத் தலைவர் நுயென் நாக் லோன், கைகள் கட்டப்பட்ட கைதி ஒருவரை நெற்றிப்பொட்டில் சுட்ட காட்சியை எடி ஆடம்ஸ் படமெடுத்தார். பிப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் 543 அமெரிக்கர்கள் இறந்தனர்; போரில் அதுவரை அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. மார்ச் 10 அன்று, ஏற்கெனவே ஏறத்தாழ ஐந்து லட்சமாக இருந்த படைக்கு மேலும் 2,06,000 பேர் கேட்கப்பட்டுள்ளனர் என்பது நியூயார்க் டைம்ஸில் வெளியாயிற்று. வென்றுவிட்டோம் என்கிறீர்கள், பிறகு எதற்கு இன்னும் இரண்டு லட்சம் பேர் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. படத்தையும் ஒளிபரப்பையும்விட அந்தச் செய்திதான் ஆழமாக வெட்டியது என்பது என் கருத்து.

இரண்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். போர் எதிர்ப்பாளரான யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாங்கினார்; ஜான்சனுக்கு 49. அதிபரே வென்றார் என்றாலும் நாடே அதை அவருடைய தோல்வியாகப் படித்தது. வேடிக்கை என்னவென்றால், மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, போர் போதுமான கடுமையோடு நடக்கவில்லை என்று ஜான்சன் மீது கோபம் கொண்டவர்களே அவர்களுள் அதிகம் என்று தெரியவந்தது. எனவே உங்கள் மூத்த தோழரிடம், அந்த வாக்குகள் எல்லாம் அமைதிக்கு விழுந்த வாக்குகள் அல்ல என்று பணிவோடு சொல்லுங்கள். பருந்தும் புறாவும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டன.

உண்மையான திருப்பம் மேலிடத்தில் நடந்தது. புதிய பாதுகாப்பு அமைச்சர் கிளார்க் கிளிஃபோர்ட், போரை ஆதரித்தவர் என்பதற்காகவே அமர்த்தப்பட்டவர். மார்ச் முதல் தேதி பதவியேற்று, இன்னும் எத்தனை பேர் அனுப்பினால் வெற்றி கிடைக்கும் என்று தளபதிகளைக் கேட்டார். உறுதியான விடை கிடைக்கவில்லை. மார்ச் 25, 26 தேதிகளில், ஐந்து மாதங்களுக்கு முன்பு போரைத் தொடரச் சொன்ன அதே மூத்த ஆலோசகர்களில் பெரும்பாலோர் விலகும் வழியைப் பார்க்கச் சொன்னார்கள். மக்கள் 1966, 67இலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தனர். மேலே இருந்தவர்கள்தாம் எட்டு வாரத்தில் ஒரேயடியாக நகர்ந்தார்கள்.

ஏலமலை டீச்சர் (தேவிகுளம்) எழுதியது:

இந்த இழையில் 1962 இந்திய-சீனப் போரை யாரும் தொடவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. எதிர்பாராத தாக்குதலுக்குப் பொதுக்கருத்து எப்படி வினையாற்றும் என்பதற்கு நம் வீட்டிலேயே பாடம் இருக்கிறது.

சீனப் படை அக்டோபர் 20 அன்று இரு முனைகளிலும் பாய்ந்தது. நவம்பர் 21 அன்று தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. அந்த ஒரு மாதத்தில் நாடு அரசின் பின்னால் திரண்டது. எங்கள் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தம் ஒரே ஜோடிக் கம்மலைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான ரசீதைத் தகரப் பெட்டியில் துணிக்கடியில் மடித்து வைத்திருந்தார். ரேஷன் அட்டையைவிட அந்தத் தாளுக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை. சீனப் படையெடுப்பை ஒட்டி அண்ணா திராவிட நாடு கோரிக்கையை ஒத்திவைத்தார். பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16ஆவது சட்டத்திருத்தம் 1963இல் வந்தபோது கட்சி அதை முறையாகவே கைவிட்டது. தமிழ்நாட்டின் அரசியலை ஒரு திடீர்த் தாக்குதல் இந்த அளவு திருப்பியிருக்கிறது.

ஆனால் கோபம் எங்கும் போகவில்லை, காத்திருந்தது. நம் மலபார்க்காரரான கிருஷ்ண மேனன்தான் முதலில் பதவி இழந்தார். நவம்பர் தொடக்கத்திலேயே அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். 1963 இடைத்தேர்தல்களில் எதிர்க்கட்சித் தலைவர்களான கிருபளானி, லோகியா, மசானி ஆகிய மூவரும் காங்கிரஸை வென்று மக்களவைக்குள் வந்தனர். ஆகஸ்டில் நேருவின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது; சுதந்திர இந்தியாவின் முதல் தீர்மானம் அதுதான். 62க்கு 347 என்று தோற்றது என்றாலும், அந்த விவாதத்தில் பேசப்பட்டதை ஓராண்டு முன்பு யாரும் பேசத் துணிந்திருக்க மாட்டார்கள். இங்கே கேரளத்தில் அதன் விளைவு வேறு வடிவம் எடுத்தது: கம்யூனிஸ்டுகளின் பிளவில் சீனப் போரின் பங்கு பெரியது, 1965 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்டுகள் பலர் சிறையிலிருந்தபடியே வென்றனர். அதாவது, தேசத்துரோகி என்று நாடு முழுவதும் சொன்னவர்களுக்கு நம் மக்கள் வாக்களித்தார்கள். பொதுக்கருத்து என்று ஒருமையில் சொல்வதே எனக்குச் சற்று நெருடுகிறது.

1973இல் இஸ்ரேலிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் தாக்கின. டிசம்பர் இறுதித் தேர்தலில் ஆளுங்கட்சி இடங்கள் குறைந்தும் தப்பியது. விசாரணைக் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தபின் 1974 ஏப்ரலில் பிரதமர் கோல்டா மேயர் விலகினார். 1977இல் கட்சியே ஆட்சியை இழந்தது. முதலில் திரள்வது, பிறகு கணக்குக் கேட்பது.

பீரங்கி வண்டி எழுதியது:

டீச்சர், ஒப்பீடு நன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962இல் சண்டை ஒரு மாதத்தில் நின்றது. நம் படையில் இருந்தவர்கள் தாமாக வந்து சேர்ந்தவர்கள். அமெரிக்காவிலோ கட்டாய ஆள்சேர்ப்பு. மேலும் இரண்டு லட்சம் பேர் என்ற செய்தியைப் படித்த தாய்க்கு, அந்த இரண்டு லட்சத்தில் தன் மகன் ஒருவனோ என்ற கேள்விதான் முதலில் எழும். சண்டை தன் மண்ணில் நடந்தால் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்வார்கள். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நடந்தால் தாங்க மாட்டார்கள்.

சித்தூர்ப்புழை எழுதியது:

வாசகியின் இரண்டாம் கேள்வி எஞ்சி நிற்கிறது. வியட்நாமில் கருத்துக்கணிப்பு எண்களைத் தேடிப் பயனில்லை. மக்கள் செய்ததையும் செய்யாததையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

கட்சித் தலைவர் லெ ஜுவான் தலைமையில் ஹனோய், அதாவது வட வியட்நாம் அரசு, வகுத்த திட்டம், பொதுத் தாக்குதலோடு நகர மக்களின் பொது எழுச்சியும் சேர வேண்டும் என்பது. எழுச்சி நடக்கவில்லை. சைகோன்வாசிகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். அதை அரசுக்கான ஆதரவு என்று வாசிப்பதும் தவறு. பண்டிகை நாளில் வீட்டு வாசலில் சண்டையைக் கொண்டுவந்தவர்கள் மீதும், அவர்களைத் துரத்துவதற்காகக் குடியிருப்புகளின் மீது குண்டு போட்டவர்கள் மீதும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் வெறுப்பு இருந்தது. ஆயினும் 1968 ஜூனில் தென் வியட்நாம் அதிபர் தியூவின் அரசு பொது ஆள்திரட்டல் சட்டத்தை நிறைவேற்ற முடிந்தது; டெட்டுக்கு முன்பு அதற்கு அத்தனை எளிதாக வழி பிறந்திருக்காது.

ஹுவே இதில் தனி. ஏறக்குறைய 25 நாள் கோட்டையின் மேல் விடுதலை முன்னணியின் கொடி பறந்தது. அந்த நாள்களில் அதிகாரிகள், ஆசிரியர்கள், மதகுருமார் என்று பட்டியல் போட்டுப் பிடித்துச் சென்றனர். பின்னர் ஏறத்தாழ 2,800 உடல்கள் குழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. நகரைத் திரும்பப் பிடித்த அமெரிக்க, தென் வியட்நாம் படைகள் வீடுகளில் பெரும்பகுதியை இடித்துத்தான் பிடித்தன. தெற்கின் நகர மக்களிடையே இரு தரப்பு மீதும் அச்சத்தை விதைத்தது ஹுவேதான் என்பேன்.

தாக்கியவர்கள் தரப்பிலும் பின்னாளில் மனம் திறந்து பேசியவர் உண்டு. தெற்கில் படை நடத்திய தளபதி திரான் வான் திரா, தம் பலத்தையும் எதிரியின் பலத்தையும் 1968இல் சரியாக எடைபோடவில்லை என்று 1982இல் எழுதினார்; அந்தப் பதிப்பை ஹனோய் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. உங்கள் மூத்த தோழர் ஹோ சி மின் படத்துக்குக் கீழே அமர்கிறவர் என்பதால், ஹுவேயையும் திராவையும் உரையின் இறுதிக்கு ஒத்திப்போடாதீர்கள். முன்பாதியிலேயே சொல்லிவிடுங்கள், அவர் எழுந்து கேள்வி கேட்க நேரமும் வையுங்கள்.